வெந்தய வரியனுக்கு எண் எழுதும் வாரம்: டர்பன் நாட்குறிப்பு

ஞாயிறு, சாட்ஸ்வொர்த்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டாம்பூச்சி பார்க்க மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் நல்ல காலம். கோடை மழையில் தழைத்த செடிகளைத் தின்று பெருகிய தலைமுறை இப்போது சிறகு விரித்திருக்கும். வெயிலும் தணிந்திருக்கும். ஈஸ்டர் பள்ளி விடுமுறை இந்தக் காலத்தில் வருவது நமக்கு வசதி. பட்டாம்பூச்சியைப் பிடித்து, சிறகில் எண் எழுதி விட்டு, மறுநாள் அவற்றில் எத்தனை திரும்ப மாட்டுகின்றன என்று பார்த்து மொத்தத்தைக் கணக்கிடுவதுதான் வேலை. இந்த ஆண்டு 9 குடும்பங்கள், 14 பிள்ளைகள். இடம், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு நடக்கும் கூடம் ஒன்றின் பின்புறத் திடல். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

இந்தத் திடலைத் தேர்ந்ததற்குக் காரணம் வேலியோரம் நிற்கும் பலூன் செடி. எருக்கின் குடும்பம், கிள்ளினால் பால் வடியும், மென்முள் போர்த்திய பந்துபோல் காய் ஊதியிருக்கும். குவாசுலு-நட்டாலில் சாலையோரமெல்லாம் தானாக முளைப்பது. தமிழ்நாட்டில் எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் இங்கே இந்தச் செடியில் இடுகிறது. இரண்டும் ஒரே இனம். இங்குள்ளவர்கள் ஆஃப்ரிக்கன் மோனார்க் என்பார்கள். 14 பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம்தான். இருந்தாலும் இந்தப் பட்டாம்பூச்சிக்குத் தமிழ்ப் பெயர் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை என்றதும், அன்று முழுதும் ‘வெந்தய வரியன்’ என்றே சொன்னார்கள். வெந்தய நிறம், கறுப்பு வரி. பெயரே அடையாளம்.

எண் எழுதிப் பழக இதைவிட ஏற்ற இனம் இல்லை. மெதுவாகப் பறக்கும். உடல் தோல்போல் கெட்டியானது, விரல் அழுத்தத்தைத் தாங்கும். பின்னிறகின் அடிப்புறம் வெளிர்ந்த வெந்தய நிறமாக இருப்பதால் கறுப்பு மை தெளிவாகத் தெரியும். எலுமிச்சைச் செடிக்கு வரும் பெரிய கிறிஸ்துமஸ் பட்டாம்பூச்சியில் இதையே செய்தால், திமிறும் வேகத்தில் சிறகு கிழியும்.

அமெரிக்காவில் இதன் உறவான மோனார்க் பட்டாம்பூச்சிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறார்களே, நாமும் ஒட்டலாமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெற்றோர் கேட்பார். அந்தச் சீட்டின் வேலை வேறு. கனடாவின் ஃப்ரெட் அர்குவார்ட்டும் நோரா அர்குவார்ட்டும் மோனார்க் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். முதலில் ஒட்டிய, தபால்தலை போன்ற பசைச்சீட்டுகள் மழையில் உதிர்ந்தன. பிறகு சிறகின் முன்விளிம்பில் தூள்போல் இருக்கும் செதிலைத் தேய்த்துவிட்டு மடித்து ஒட்டும் சீட்டுக்கு மாறினார்கள். 1976 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில், லட்சக்கணக்கான மோனார்க்குகளுக்கு நடுவே, சீட்டு ஒட்டிய ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அதை ஒட்டியவர்கள் மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளி மாணவர்களும். 1992இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மோனார்க் வாட்ச் என்ற திட்டம் இன்று பயன்படுத்துவது சுமார் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டச் சீட்டு, எடை ஏறக்குறைய 10 மில்லிகிராம். பின்னிறகின் அடியில், நரம்புகளுக்கு நடுவே கையுறை வடிவிலுள்ள பெரிய கட்டத்தில் ஒட்டுவார்கள். பாரம் உடலுக்கு அருகே அமைவதால் பறப்பது கெடாது.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் படித்துத் தகவல் அனுப்பத்தான் சீட்டு. நம் கேள்வி அவ்வளவு தூரம் போகவில்லை. இந்தத் திடலில் எத்தனை இருக்கின்றன, எத்தனை நாள் தங்குகின்றன? இதற்குப் பேனா எண் போதும். வெந்தய வரியன் அமெரிக்க மோனார்க்கைவிடச் சிறியது, கூடுதல் பாரம் எதற்கு?

வலை. கடையில் வாங்குவதைவிட வீட்டில் தைத்தது நன்றாக உழைக்கிறது. 4 மில்லிமீட்டர் கம்பியில் 38 சென்டிமீட்டர் விட்ட வளையம். கொசுவலைத் துணியில் 80 சென்டிமீட்டர் ஆழப் பை. ஆழம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் வீசியதும் மணிக்கட்டைத் திருப்பிப் பையை வளையத்தின்மேல் மடக்கி வாயை மூட முடியும். பையின் அடியை வளைவாகத் தையுங்கள். மூலை இருந்தால் சிறகு அங்கே போய்ச் சிக்கும். பிடி பெரியவர்களுக்கு ஒரு மீட்டர், பிள்ளைகளுக்கு 60 சென்டிமீட்டர். துடைப்பக் கழியே போதும். பனி காய்வதற்கு முன் வலையை எடுக்க வேண்டாம். ஈரத் துணியில் சிறகு ஒட்டிக்கொண்டு செதிலெல்லாம் போய்விடும். இன்று 9 மணிக்குப் பிறகுதான் வலையைப் பிரித்தோம்.

பிடிக்கும் முறை. முன்னால் போய் மறிக்காதீர்கள். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வீசுங்கள். பூவில் இருப்பதை மேலிருந்து அமுக்கினால் பூவும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து நசுங்கும். வலைக்குள் வந்ததும் பையின் நுனியைத் தூக்கிப் பிடித்தால் அது மேல்நோக்கி ஏறும். அங்கே துணியோடு சேர்த்து நான்கு சிறகுகளையும் முதுகின்மேல் மூடிய நிலையில், உடலை ஒட்டிய இடத்தில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். பிறகு மறு கையை உள்ளே விட்டு அதே பிடியை மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிறகை மட்டும் பிடித்தால் மற்ற மூன்றும் அடித்து, பிடித்த சிறகு வேரோடு முறுக்கிக்கொள்ளும். விரல் நடுங்குகிறவர்கள் தபால்தலை சேகரிப்போரின் தட்டை முனை இடுக்கியைப் பயன்படுத்தலாம்.

கையில் கொசு விரட்டும் களிம்போ வெயில் களிம்போ இருக்கக் கூடாது. விரட்டி பூச்சிக்கு நஞ்சு. திடலுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறோம். களிம்பைப் புறங்கையாலும் முழங்கையாலும்தான் தடவ வேண்டும்.

எண் எழுத மெல்லிய முனையுள்ள, அழியாத மைப் பேனா. பந்துமுனைப் பேனா சிறகைக் கிழிக்கும். பின்னிறகின் அடிப்புறத்தில், உடலுக்கு அருகிலுள்ள பெரிய கட்டத்தில், அழுத்தாமல், புள்ளி வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு எழுதுங்கள். 10 விநாடி காய விடுங்கள். அதே எண்ணை மறுபக்கப் பின்னிறகிலும் எழுதுங்கள். ஒரு பறவை கொத்தி ஒரு சிறகு போனாலும் மற்றதில் எண் இருக்கும். தலை இருக்கும் பக்கம்தான் எண்ணுக்கு மேல்பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் 6 யார், 9 யார் என்று தெரியாது. 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு கட்டாயம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி எண் வரிசை கொடுத்துவிட்டால் ஒரே எண் இரண்டு முறை வராது என்பது உண்மைதான். ஆனால் 9 குடும்பம் என்றால் எண்கள் மூன்று இலக்கமாகிச் சிறகில் இடம் போதாது. எனவே இன்று எழுதும் மேசை ஒன்றுதான். எல்லோரும் பிடித்ததை அங்கே கொண்டு வர வேண்டும்.

மேசைக்கு வரும் வரை முக்கோணமாக மடித்த வழுவழுப்பான காகித உறைக்குள், நிழலில். ஆறு வயது வரை உள்ளவர்கள் எண்ணுவதும் பூப் பார்ப்பதும். ஏழு முதல் வலை. எண் எழுதுவது 12 வயது முதல். விடும்போது மேலே எறிய வேண்டாம். நிழலான ஒரு பூவில் வையுங்கள், தானே போகும்.

பதிவுத்தாளில் பென்சில்தான். வியர்வைக் கையில் மை கலையும். எண், நேரம், ஆணா பெண்ணா, சிறகின் நிலை (1 புதிது, 4 கந்தல்), பிடிக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு பின்னிறகில் இருக்கிறது. நடுவில் பெண்ணுக்கு மூன்று கறுப்புப் புள்ளிகள். ஆணுக்கு நான்காவதாக, அடிப்புறம் வெண்மையாகத் தெரியும் ஒரு வாசனைப் பை. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று எண் பெற்றவை 18. குறியிட்டதோடு வேலை முடிந்ததென்று நினைத்து நாளை வராமல் இருந்துவிடாதீர்கள். நாளை வராவிட்டால் இன்று எழுதியது வெறும் கிறுக்கல்.

திங்கள், அதே திடல்

அதே நேரம், அதே 9 மணி முதல் 11 மணி வரை, அதே அளவு ஆட்கள். இது மாறினால் கணக்கு நிற்காது.

ஆரம்பத்திலேயே ஒரு தவறு நடந்தது. இது எல்லாக் குழுவிலும் நடக்கும். எண் போட்ட பட்டாம்பூச்சி கண்ணில் பட்டதும் 14 பிள்ளைகளும் அதன் பின்னாலேயே ஓடினார்கள், எண் இல்லாதவை பக்கத்தில் பறக்கப் பறக்க. அப்படிப் பிடித்தால் எண் உள்ளவை தேவைக்கு மேல் மாட்டும், மொத்தக் கணக்கு உண்மையைவிடக் குறைந்து வரும். நிறுத்திவிட்டு விதியைத் திரும்பச் சொன்னோம்: வேலியோரமாக ஒரே திசையில் நடக்க வேண்டும், வலைக்கு எட்டும் தூரத்தில் எது வந்தாலும் அதைத்தான் பிடிக்க வேண்டும், துரத்தக் கூடாது. அதற்கு முன் பிடித்தவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு முகம் வாடியது, ஆனாலும் சேர்க்கவில்லை.

விதிப்படி பிடித்தவை 14. அவற்றில் 4இல் நேற்றைய எண்.

கணக்கு எளிது. இன்று பிடித்ததில் எத்தனை பங்கு எண் உள்ளதோ, திடலில் உள்ள எல்லாவற்றிலும் அதே பங்குதான் எண் உள்ளது என்று கொள்கிறோம். 18ஐ 14ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 63. சிறு எண்ணிக்கைகளில் இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆகவே மூன்று எண்களோடும் ஒன்று சேர்த்துப் பெருக்கி வகுத்து, கடைசியில் ஒன்று கழிக்கும் திருத்தம் இருக்கிறது: 19 பெருக்கல் 15, வகுத்தல் 5, அதில் ஒன்று கழித்தால் 56.

56 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி. வெந்தய வரியன் சுற்றித் திரியும். நேற்று எண் பெற்றவற்றில் சில வேலி தாண்டிப் போயிருக்கும், புதியவை உள்ளே வந்திருக்கும். அப்படியானால் இன்று மாட்டிய எண்கள் குறையும், விடை ஊதும். ஆகவே பதிவில் ‘56’ என்று மட்டும் எழுதாமல், ‘4 மறுபிடிப்பு’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மறுபிடிப்பு 4தான் என்றால் விடை எவ்வளவு ஆட்டம் காணும் என்பது தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எண் இல்லாத 10க்கும் இன்று எண் போட்டாயிற்று: 19 முதல் 28 வரை.

உண்மையில் வலையில் வந்தது 15. ஒன்றை எழுதும் மேசையில் 12 வயதுப் பெண் ஒருத்தி திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெந்தய நிறம், கறுப்பு முனை, வெள்ளைப் பட்டை எல்லாம் சரி. ஆனால் பின்னிறகில் மூன்று புள்ளிகள் இல்லை, மேல்விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. சிறகோரமும் பல்போல் வெட்டியிருந்தது. அது டயடெம் என்று இங்கே சொல்லும் வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். வெந்தய வரியன் புழுப் பருவத்தில் பால்செடியின் நஞ்சைச் சேர்த்துக்கொள்வதால் பறவை அதைத் தின்னாது. டயடெம் பெண்ணுக்கு அந்த நஞ்சு இல்லை, வேடம் மட்டும் உண்டு. அதன் ஆண் கறுப்பில் வெள்ளை வட்டங்களோடு முற்றிலும் வேறாக இருக்கும். எண் போடுமுன் புள்ளிகளை எண்ணுங்கள் என்று தலையில் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

செவ்வாய், சில்வர்கிளென்

இன்று வலை இல்லை. இயற்கைக் காப்பகத்துக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் எந்தப் பூச்சியையும் பிடிக்கக் கூடாது. கேமராவும் குறிப்பேடும் மட்டும்.

சில்வர்கிளென் சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே இருக்கிறது. நகராட்சியின் மூலிகை நாற்றங்காலும் இங்கேதான். கடலோரப் புல்வெளியும் குறுங்காடும் கலந்த நிலம். டர்பனைச் சுற்றி இப்படிப்பட்ட புல்வெளி மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. கரும்பும் வீடுகளும் விழுங்கியது போக எஞ்சியது இது. நம் வீட்டு வாசலில் இருப்பதை நாம் போய்ப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் தனியாகப் போக வேண்டாம்; குறைந்தது எட்டுப் பத்துப் பேர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர்.

நடை முறை இது. 500 மீட்டர் பாதையை அளந்துகொண்டு, ஒரே சீரான மெதுநடையில் போங்கள். இடப்புறம் இரண்டரை மீட்டர், வலப்புறம் இரண்டரை மீட்டர், முன்னால் 5 மீட்டர். அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். பின்னால் பறப்பது சேராது. பிரிட்டனில் 1976 முதல் பட்டாம்பூச்சிகளை எண்ணுவது இந்த முறையில்தான். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் தலை குனிந்த நேரத்தில் இரண்டு பறந்து போயிருக்கும்.

புல்லில் மஞ்சள் வசீகரன் நிறைய. இதுவும் தமிழ்நாட்டில் உள்ள அதே இனம். வெறும் மண்ணில் சிறகை விரித்து உட்காரும். நிழல் விழுந்தால் எழும்பி, சுற்றிவந்து, அதே இடத்துக்குத் திரும்பும். படம் எடுக்கிறவர்கள் துரத்தாமல் அப்படியே குந்தியிருந்தால் போதும். மதியம் 12 மணிக்கு மேல் மேட்டு முகட்டுக்குப் போனோம். ஆண்கள் உயரமான இடத்தில் கூடிப் பெண்ணுக்குக் காத்திருப்பது பல இனங்களின் வழக்கம். அந்த நேரத்தில் தாழ்நிலத்தில் தேடுவது வீண்.

வழியோரம் உண்ணிச்செடி பூத்துக் கிடந்தது, பட்டாம்பூச்சிகளும் மொய்த்தன. அதைப் பார்த்து வீட்டில் நட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அது அழிக்க வேண்டிய அயல் களை. புல்வெளியை மூடிவிடும், பிறகு புழுவுக்கு உணவு இருக்காது. அதே தேனுக்கு இந்த மண்ணின் பிளெக்ட்ராந்தஸ் என்ற செடியை நடலாம். சரியாக இந்த மாதங்களில் பூக்கும்.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு பிள்ளையின் உடலிலும் உண்ணி தேடுங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு வார். இங்கே உண்ணிக் காய்ச்சல் உண்டு. வெளிர்நிறக் கால்சட்டை, அதன் நுனி காலுறைக்குள்.

புதன், கிராண்ட்ஸ்குளூஃப்

இன்றைக்கு ஒரே ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

கிராண்ட்ஸ்குளூஃப் இயற்கைக் காப்பகத்தில், குளூஃப் அருவிக்கு மேலே உள்ள தங்குமிடத்திலிருந்து காட்டோரப் பாதையில் இறங்கினால், வெயில் விழும் விளிம்பில் வெளிர் மஞ்சளும் கறுப்பும் கலந்து, வாலோடு, ஒன்று போவதும் வருவதுமாக இருக்கும். அது மாக்கர் ஸ்வாலோடெயிலின் ஆண். இதன் பெண்ணைத் தேடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் மஞ்சளாக, வாலோடு தேடுவார்கள். கிடைக்காது. இங்குள்ள பெண்ணுக்கு வாலும் இல்லை, அந்த நிறமும் இல்லை. ஒரு பெண் கறுப்பு வெள்ளையில் ஃப்ரையர் என்ற நச்சுப் பட்டாம்பூச்சிபோல் இருக்கும். இன்னொரு பெண் வேறொரு நச்சு இனம்போல் இருக்கும். மூன்றாவது வகை நம் வெந்தய வரியனின் வேடம் போட்டிருக்கும். எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வேறு வேறு வேடங்கள் வரலாம். கேப் நகரில் வாழ்ந்த ரோலண்ட் ட்ரைமன் 1860களில் இவை ஒரே இனம் என்று எழுதியபோது பலர் நம்பவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிறகின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நிழலுக்குள், முழங்கால் முதல் தலை உயரம் வரை, இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறந்தால் அது முட்டையிட இடம் தேடும் பெண். தொடும் செடியைப் பாருங்கள். க்ளௌசேனா என்ற சிறுமரமாக இருக்கலாம். இது கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. கறிவேப்பிலைபோல் சிற்றிலை அடுக்கு, கிட்டே போனால் காரமான வாசனை. காப்பகத்தில் கிள்ளக் கூடாது; உதிர்ந்த இலையைக் கசக்கி முகர்ந்தாலே போதும். சமையலறையில் நாள்தோறும் நிற்கும் பாட்டிமார் இரண்டு பேர் இந்தச் செடியை எங்களுக்கு முன்பே அடையாளம் கண்டார்கள்.

பாறை விளிம்பில் காடி கமடோர் என்ற பட்டாம்பூச்சி இருந்தது. கோடையில் பிறந்தது செம்மை, குளிர்காலத்துக்குப் பிறப்பது நீலம். புழுவும் கூட்டுப்புழுவுமாக இருந்தபோது பட்ட வெப்பம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஏப்ரலில் இரண்டு நிறமும் ஒரே பாறையில் கிடைக்கலாம். எங்களுக்குச் செம்மை மட்டும்தான் கிடைத்தது.

விளிம்பிலிருந்து பிள்ளைகளைக் குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பட்டாம்பூச்சியைப் பார்த்தபடி பின்னால் நடக்கும் பெரியவர்களையும்தான். ரொட்டி ரோலையும் புளிச்சோற்றையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்; வெர்வெட் குரங்குகளுக்குத் துணிப்பை ஒரு தடையே அல்ல.

வியாழன், மழை

சிறகு இல்லை. வெயில் இல்லாவிட்டால் பட்டாம்பூச்சி உடலைச் சூடாக்கிக்கொள்ள முடியாது, இலைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். மழை நாளில் போய் எண்ணி ‘ஒன்றும் இல்லை’ என்று பதிவு செய்வதும் தவறு.

கூடத்துக்குள் ஒரு குண்டான் சுகர் பீன்ஸ் (உலர்ந்த பீன்ஸ் விதை). எத்தனை என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடி அளவு எடுத்து எண்ணி, பேனாவால் புள்ளி வைத்து, திரும்பப் போட்டு, நன்றாகக் கலக்கி, மறுபடி கைப்பிடி எடுத்துப் புள்ளி உள்ளதை எண்ணச் சொன்னோம். கணக்குப் போட்ட பிறகு குண்டான் முழுவதையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். திங்கட்கிழமைக் கணக்கு புரியாத பிள்ளைகளுக்கு இதில் புரிந்துவிடும். சரியாகக் கலக்காமல் எடுத்த குழுவின் விடை உண்மையில் பாதிகூட இல்லை: புள்ளி வைத்தவை மேலேயே கிடந்தன, கையும் மேலேதான் அள்ளியது. திடலில் எண் போட்டவற்றை எல்லாம் ஒரே மூலையில் விட்டால் இதே பிழைதான் வரும். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டும்.

பழத்தூண்டில் தயாரிப்பும் இன்றுதான். தோல் கறுத்த வாழைப்பழம் 6, பழுப்புச் சர்க்கரை 2 கரண்டி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. மசித்து வாய் அகன்ற பாட்டிலில் பாதி அளவே ஊற்றுங்கள். மூடியை இறுக்கினால் இரண்டாம் நாள் வெடிக்கும். துணி கட்டினால் போதும். இதைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக முடியாது, வீட்டு மரத்துக்குத்தான். தட்டில் ஊற்றி இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் எறும்புக்குத்தான் விருந்து. பூவுக்கு வராத சரக்செஸ் என்ற பட்டாம்பூச்சி இனங்கள் இந்த நாற்றத்துக்கு வரும்.

நாளை பெரிய வெள்ளி. பாதிக் குடும்பங்கள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகின்றன. வெளிச்சுற்று இல்லை.

சனி, எஷோவே

டர்பனிலிருந்து என்2 சாலையில் வடக்கே, கிங்கின்ட்லோவுவில் ஆர்66க்குத் திரும்பி மேலேறினால் எஷோவே. காலை 6:30க்குப் புறப்பட்டால் பட்டாம்பூச்சி எழும் நேரத்துக்குச் சேரலாம்.

டிலின்சா காட்டில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 125 மீட்டர் நீளப் பலகை நடைபாதை, அதன் முடிவில் 20 மீட்டர் உயர இரும்புக் கோபுரம். காட்டுப் பட்டாம்பூச்சிகள் பல மர உச்சியிலேயே வாழ்ந்து முடிப்பவை. கீழே நின்றால் வெறும் நிழல்தான் தெரியும். கோபுரத்தில் நின்றால் அவற்றின் முதுகுப்பக்கம் தெரியும், இது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. எட்டுப் பேருக்கு மேல் ஒன்றாக ஏறினால் அதிர்வில் எல்லாம் பறந்துவிடும். இரண்டு அணியாகப் பிரிந்தோம். ஒன்று மேலே, ஒன்று கீழே காட்டுத் தரையில்.

தரை அணிக்கு முத்துச்சிப்பி கிடைத்தது. மதர்-ஆஃப்-பேர்ல் என்பார்கள்; பிள்ளைகள் வைத்த பெயர் ‘முத்துச்சிப்பி’, அதுவே இருக்கட்டும். பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடும் வெளிர்நிறம். பறக்கும்போது பளீரென்று தெரியும். உட்காரும்போது இலைக்கு அடியில் போய்க் காணாமல் போகும். போன இலையைக் கண்ணால் விடாமல் பிடித்துக்கொண்டு, குனிந்து அடியில் பாருங்கள்.

எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட், லெப்பிமேப் என்ற இணையப் பதிவுத் தளங்களில் ஏற்றும்போது சிறகின் அடிப்புறம் ஒன்று, மேல்புறம் ஒன்று தேவை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பல இனங்களைப் பிரிக்க முடியாது. இடக்குறி கைபேசி தானாகப் போடும். காட்டுக்குள் அது தவறலாம், சரிபார்த்து ஏற்றுங்கள்.

ஞாயிறு, மறுபடி திடல்

எட்டாம் நாள். வலையில் 15. எண் உள்ளவை 5: முதல் நாளைய 18இல் 2, இரண்டாம் நாளைய 10இல் 3. முதல் நாள் எண்கள் அதிகமாகக் குறைந்திருப்பதை ஒரு பத்து வயதுப் பையன் கவனித்தான். செத்துப்போயினவா, ஊரைவிட்டுப் போயினவா என்று கேட்டான். திடலுக்குள் மட்டும் தேடினால் இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. அக்கம்பக்கத்திலும் தேட வேண்டும். அதனால் திங்கட்கிழமையே சுற்றியுள்ள தெருக்களின் வாட்சாப் குழுக்களில் ஒரு வரி போட்டிருந்தோம்: சிறகில் எண் உள்ள பட்டாம்பூச்சியைக் கண்டால் பிடிக்க வேண்டாம், படமும் இடமும் நேரமும் அனுப்புங்கள்.

12ஆம் எண் முன்னிறகில் ஒரு கொத்து இழந்து 4ஆம் நிலையில் இருந்தது, இருந்தும் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்தது. 7ஆம் எண் பெண். வேலியோரப் பலூன் செடியில் இலைக்கு ஒன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்ததால் யாரும் வலை வீசவில்லை; பதிவில் ‘பார்த்தது’ என்று மட்டும், பிடித்த 15இல் சேராது. அதே செடியில் மூன்று சோடிக் கொம்பிழைகள் உள்ள வரிப்புழுக்களும் இருந்தன. அமெரிக்க மோனார்க் புழுவுக்கு இரண்டு சோடிதான். பால் விரலில் பட்டால் கண்ணைத் தேய்க்க விடாதீர்கள்.

திடலைப் பராமரிப்பவர் இந்த வாரம் புல் வெட்டுவதாக இருந்தது. முட்டை பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வேலியிலிருந்து இரண்டு மீட்டர் அகலத்தை மே நடுவரை வெட்டாமல் விட ஒப்புக்கொண்டார். நான்கு முளைக்கம்பும் கயிறும் கட்டியாயிற்று. கயிறு இல்லாவிட்டால் வேறு ஆள் வெட்ட வரும் நாளில் எல்லை தெரியாது.

மாலை 4 மணிக்கு ஒரு படம் வந்தது. மூன்று தெரு தள்ளி, ஒரு வீட்டு வாசலில், பூசைக்கு வளர்க்கும் துலுக்கச் சாமந்தியில், சிறகை மூடிய வெந்தய வரியன். எண் 23. வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தால் திடலிலிருந்து 640 மீட்டர். பதிவுத்தாளில் 23ஆம் வரியில் எழுதியாயிற்று: பெண், நிலை 2, உயிரோடு, வெளியே.